நாலாஞ் சித்தப்பாவின் பிரமாணப் பத்திரம்

லாய்ஹோவுக்கு ஐம்பத்திரண்டாவது வயதில் அப்பா இல்லாமல் போனார். செத்துப்போனார் என்று நினைத்துவிட வேண்டாம். ஷெக் ஃபூக்சோய் அன்றைக்கும் வழக்கம்போல அவளுடைய சாம்பான் படகின் பின்பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, மூங்கில் குழாயில் குடகுடவென்று புகை இழுத்தபடி, "இடதுபக்கம் திருப்பு! இடதுபக்கம்! கண்ணை எங்கடி வச்சிருக்க?" என்று அவளை விரட்டிக்கொண்டுதான் இருந்தார். காகிதத்தில்தான் அவர் காணாமல் போயிருந்தார்.

ஹாங்காங்கின் ஆபர்தீன் துறைக்கும் எதிரே இருக்கும் ஆப்லெய்சாவ் தீவுக்கும் நடுவே ஓடும் சாம்பான்களில் லாய்ஹோவுடையதுதான் வேகமானது. பாலம் கட்டிப் பதினைந்து வருஷம் ஆகியும், பஸ்ஸுக்குக் காத்திருக்கப் பொறுமை இல்லாதவர்கள் அவளிடம்தான் வருவார்கள். மீனவர் பிள்ளைகள் படிக்கும் பள்ளியில் நான் டீச்சராக இருந்ததால் தினமும் காலையில் அவள் படகு. ஒருநாள் பள்ளி மணி அடிக்க ஒரு நிமிஷம் இருக்கும்போது ஏறினேன். அவள் விட்ட விடுதலில், மணி அடிக்க இரண்டு நிமிஷம் இருக்கும்போது அக்கரையில் இறங்கினேன். நம்பாதவர்கள் நம்ப வேண்டாம்.

லாய்ஹோவைக் கல்யாணம் செய்தவன் கப்பலில் சமையற்காரன். வருஷத்துக்கு இரண்டு தடவை வருவான்; ஒரு வருஷம் வரவே இல்லை. கப்பல் மட்டும் வந்தது. அதற்குப் பிறகு படகு ஓட்டியே விங்யீ என்ற ஒரே மகளைப் படிக்க வைத்து, சிட்னிக்கு அனுப்பி, அங்கேயே கல்யாணமும் ஆகி, அவளுக்கு இப்போது ஆறாம் மாதம். லாய்ஹோவுக்கு எழுதத் தெரியாது. ஆனால் காற்று எந்தப் பக்கம் திரும்பும் என்று வானிலை அலுவலகத்துக்கு அரைநாள் முன்பே தெரியும். அரசாங்கம் அதற்குச் சான்றிதழ் கொடுப்பதில்லை.

அந்த வருஷம் தொண்ணூற்றைந்து. இன்னும் இரண்டே வருஷத்தில் வெள்ளைக்காரன் ஹாங்காங்கைச் சீனாவுக்குத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போகிறான். பெரிய மனிதர்கள் மேசைக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்து, இங்கே இருக்கும் ஜனங்கள் யாருடைய ஆட்கள் என்று வருஷக்கணக்காகப் பேசினார்கள். பேசிப் பேசிக் களைத்து ஒரு பாஸ்போர்ட்டைக் கண்டுபிடித்தார்கள். கடல்கடந்த பிரிட்டிஷ்காரர் என்று அதற்கு அர்த்தம். ஹாங்காங்கில் பிறந்தவர்கள் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். ஆனால் ஒவ்வொரு வயதுக்கும் ஒரு கெடு. லாய்ஹோவின் வயதுக்காரர்களுக்கு ஆகஸ்டு கடைசி.

"எனக்கெதுக்கு டீச்சர் அதெல்லாம்? இந்தக் கரையிலேர்ந்து அந்தக் கரைக்குப் போக யாரும் பாஸ்போர்ட் கேக்கறதில்ல" என்று சொல்லிக்கொண்டிருந்தவள், ஜூன் மாதத்தில் ஒருநாள் முகம் வெளுத்து வந்தாள். முந்தின நாள் விங்யீ போன் செய்திருந்தாள்.

"அந்த ஊர் ஆஸ்பத்திரில பிள்ளை பெத்தவளுக்கு என்ன குடுப்பாங்க தெரியுமா டீச்சர்? ஐஸ் போட்ட ஆரஞ்சு ஜூஸ்!"

"ஐயோ."

"அடுத்த நாளே தலைக்குக் குளிக்கச் சொல்வாங்களாம். மூணாம் நாள் நடந்து வீட்டுக்குப் போன்னு அனுப்பிடுவாங்களாம். என் பொண்ணை இவங்க கொன்னுடுவாங்க. நான் போய் ஒரு மாசம் அவளைப் படுக்க வச்சு, இஞ்சியும் பன்றிக்காலும் இனிப்புக் காடியும் காய்ச்சிக் குடுக்கலைன்னா, நாற்பது வயசுல அவ முழங்கால் என் முழங்கால் மாதிரி ஆயிடும்."

அக்டோபர் நடுவில் பிரசவம். பாஸ்போர்ட் இல்லாதவர்களுக்கு அரசாங்கம் ஒரு அடையாளப் புத்தகம் கொடுக்கும்தான். அதை நீட்டினால் விசா கொடுப்பவர்கள் முன்னும் பின்னும் புரட்டிவிட்டு, வருஷக் கடைசியில் வாருங்கள் என்பார்கள். குழந்தை வருஷக் கடைசிவரை உள்ளே உட்கார்ந்திருக்காது. ஆக, ஆகஸ்டுக்குள் பாஸ்போர்ட். இல்லாவிட்டால் ஆரஞ்சு ஜூஸ்.

துறையில் பாதிப் பேருக்கு விண்ணப்பம் நிரப்பியது நான்தான். லாய்ஹோவுக்கும் நிரப்பி அனுப்பினேன். மூன்றாம் வாரம் பதில் வந்தது. சாம்பானில் உட்கார்ந்து படித்துச் சொன்னேன்.

"நீ ஹாங்காங்கில் பிறந்ததற்கு அத்தாட்சி இல்லையாம். பிறப்பைப் பதியவே இல்லையாம்."

"ஜப்பான்காரன் ஆண்ட காலத்துல பொறந்தேன். பதியப் போனா அரிசியையும் பிடுங்கிக்கிட்டு அனுப்புவான். யார் போவாங்க?"

"பெற்றவர்களில் ஒருத்தர் உயிரோடு இருந்தால் வந்து பிரமாணப் பத்திரம் கொடுக்கலாமாம். ஆனால் உன் அடையாள அட்டைப் பதிவில் தாய் தந்தை இல்லை, சித்தப்பா வளர்ப்பு என்று இருக்கிறதாம்."

லாய்ஹோ பின்பக்கம் திரும்பிப் பார்த்தாள். ஃபூக்சோய் கடலைப் பார்த்தார்.

இதைக் கொஞ்சம் சொல்லவேண்டும். லாய்ஹோவுக்கு முன் பிறந்த மூன்று குழந்தைகளும் தங்கவில்லை. நாலாவதாக இவள் பிறந்தபோது ஜாதகம் பார்த்தவன் கையை விரித்துவிட்டான். இந்தப் பெண் இவரை அப்பா என்றும் இவளை அம்மா என்றும் கூப்பிட்டால், கேட்டுக்கொண்டே இருக்கும் கடல் பேய்கள் இந்த மூன்று பேரில் ஒருத்தரைக் கொண்டுபோய்விடும். அதனால் உறவை மாற்றிச் சொல்லுங்கள் என்றான். ஃபூக்சோய் அண்ணன் தம்பிகளில் நாலாமவர். ஆகவே நாலாஞ் சித்தப்பா ஆனார். பெற்றவள் சித்தி ஆனாள். எங்கள் துறையில் இது புதிதல்ல. பாதிப் பேருக்குப் பெற்றோர் கிடையாது, சித்தப்பாவும் சித்தியும் பெரியம்மாவும்தான். வெளியூர்க்காரன் கேட்டால் துறை முழுக்க அநாதை ஆசிரமம் என்று நினைப்பான். விங்யீ ஆஸ்பத்திரியில் பிறந்ததால் பேய்களுக்கு விலாசம் தெரியாது. அவள் மட்டும் தைரியமாக அம்மா என்று கூப்பிட்டு வளர்ந்தாள்.

லாய்ஹோ ஒரே ஒரு தடவை தவறினாள். ஏழு வயதில், வலை இழுக்கும் கம்பிக்கயிற்றில் சித்தியின் கை மாட்டிக்கொண்டதைப் பார்த்து "அம்மா!" என்று அலறிவிட்டாள். கைக்கு ஒன்றும் ஆகவில்லை. மூன்று வாரம் கழித்து சித்தி காய்ச்சலில் போய்ச் சேர்ந்தாள். யாரும் அந்தப் பெண்ணை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதற்குப் பிறகு அவளும் வார்த்தை தவறவே இல்லை. பதினாறு வயதில் அடையாள அட்டை எடுக்கப் போனபோது அலுவலர் அப்பா பெயர் கேட்டார். "இல்ல" என்றாள். கூட வந்திருப்பது யார் என்றார். "நாலாஞ் சித்தப்பா" என்றாள். எழுதிக்கொண்டார்கள். முப்பத்தாறு வருஷமாக அதனால் யாருக்கும் ஒரு தொந்தரவும் இல்லை.

கடிதம் வந்த மறுநாள் நான் ஃபூக்சோயின் படகுக்குப் போனேன். அவருக்கு எழுபத்தாறு வயது. அரசாங்கம் கொடுத்த பதினேழாம் மாடி வீட்டில் மகளோடு இருக்கலாம். தரை ஆடாமல் இருந்தால் தூக்கம் வராது என்று படகிலேயே இருந்தார். கொடியில் கணவாய் மீன்களைத் துணி மாதிரி காயப்போட்டுக்கொண்டிருந்தார்.

"டீச்சர், வீணா வந்திருக்க. அவ என் அண்ணன் மகள்."

"எந்த அண்ணன்?"

"மூத்தவன்."

"அவருக்குக் கல்யாணமே ஆகலையே?"

"அதனாலதான் யாருக்கும் தெரியாம வச்சிருந்தான்."

"லாய்ஹோவோட மூக்கு உங்க மூக்கு."

"எங்க குடும்பத்துல எல்லாருக்கும் ஒரே மூக்குதான். மாத்தி மாத்தி வச்சிக்குவோம்."

நான் விடவில்லை. அவரும் விடவில்லை. மீன் ஏலத்தில் அறுபது வருஷம் பேரம் பேசிய வாய். கால் மணி நேரத்துக்குப் பிறகு ஒரு படி இறங்கி வந்தார்.

"சரி, இங்கிலீஷ்ல எழுது. கைநாட்டு வச்சிடறேன். கடல் பேய்ங்களுக்கு இங்கிலீஷ் தெரியாது."

"அது எப்படித் தெரியும் உங்களுக்கு?"

"வெள்ளைக்காரன் கப்பல் இங்க எத்தனை முழுகியிருக்கு? செத்தவன்ல ஒருத்தனாவது பேயா வந்து நம்மகிட்ட பேசியிருக்கானா? அவங்க பேய் வேற துறை."

"எழுதறது இங்கிலீஷ்தான். ஆனா கைநாட்டு வைக்கிறவங்களுக்கு நம்ம பாஷையில வாசிச்சுக் காட்டுவாங்க. நீங்க வாயைத் திறந்து, ஆமா, இவ என் மகள்தான்னு சொல்லணும்."

ஃபூக்சோய் கணவாயைக் கீழே வைத்தார்.

"நூத்தம்பது வருஷமா எல்லாத்தையும் நமக்குப் புரியாத பாஷையில பண்ணினாங்க. இப்ப மூட்டை கட்டும்போதுதான் நமக்குப் புரியணும்னு தோணிச்சா?"

நான் திரும்பி வந்தேன். லாய்ஹோ ஒன்றுமே கேட்கவில்லை. அதுதான் அவரை உலுக்கியது என்று நினைக்கிறேன். அவள் காலையில் கஞ்சி கொண்டுவந்து வைத்தாள், மத்தியானம் பாத்திரத்தை எடுத்துப்போனாள், இஞ்சி வாங்குவதை நிறுத்தினாள். அவ்வளவுதான். ஆகஸ்டு இருபத்தொன்பதாம் தேதி காலையில் ஃபூக்சோய் தானே பள்ளிக்கூட வாசலுக்கு வந்து நின்றார்.

"வரேன். ஆனா உள்ள போறதுக்கு முன்னாடி எனக்கு ரெண்டு நிமிஷம் வேணும். யாரும் குறுக்க வரக்கூடாது."

"என்ன பண்ணப் போறீங்க?"

"அது எனக்கும் அவங்களுக்கும் உள்ள விஷயம்."

லாய்ஹோவையும் கூட்டிக்கொண்டு போனோம். சத்தியம் வாங்கும் அலுவலகம் மேட்டில் இருந்தது. படிக்கட்டில் நின்றால் தெருக்கோடியில் துறை தெரியும். ஃபூக்சோய் கல்யாணக் கோட்டு போட்டு வந்திருந்தார். கல்யாணத்துக்குத் தைத்தது, நடுவில் அவர் சுருங்கியிருந்தார், கோட்டு சுருங்கவில்லை. வரிசை படிக்கட்டு முழுக்க நின்றது. கெடுவுக்கு இரண்டு நாள் இருந்தால் சும்மாவா? அந்த வருஷங்களில் எங்கள் ஊர் வரிசைகள் எப்படி என்றால், வரிசையின் வாலில் அறிமுகமான ஒரு ஜோடி, ஜன்னலுக்கு வந்து சேரும்போது குழந்தைக்கும் சேர்த்து விண்ணப்பம் கேட்டார்கள். நான் கண்ணால் பார்த்தேன்.

எங்கள் எண் வர இன்னும் நாலு பேர் இருக்கும்போது ஃபூக்சோய் படியில் முன்னால் வந்து நின்றார். கோட்டுப் பையிலிருந்து மூன்று ஊதுபத்தி எடுத்துக் கொளுத்தினார். கடலைப் பார்த்துக் கும்பிட்டார். பிறகு புயலில் படகுக்குப் படகு கூப்பிட்டுப் பழகிய தொண்டையைத் திறந்தார்.

"கேட்டுக்கங்க! தண்ணிக்கு உள்ள இருக்கிறவங்க, மேல இருக்கிறவங்க, எல்லாரும் கேட்டுக்கங்க! நான் ஷெக் ஃபூக்சோய்! இன்னைக்கு இந்த ஆபீசுக்குள்ள போய் ஒரு பச்சைப் பொய் சொல்லப்போறேன்! என் அண்ணன் மகளை என் மகள்னு சொல்லப்போறேன்! பாஸ்போர்ட்டுக்காகத்தான்! ஒருத்தரும் நம்பிடாதீங்க!"

அந்தச் சத்தம் எதிர்த் தீவின் அடுக்குமாடிகளில் மோதி "நம்பிடாதீங்க" என்று திரும்பி வந்தது. லாம்மா தீவுப் பக்கம் போய்க்கொண்டிருந்த மூன்று படகுகள் புயல் எச்சரிக்கை என்று நினைத்துத் துறைக்குத் திரும்பின. லாய்ஹோ முகத்தை மூங்கில் தொப்பியால் மூடிக்கொண்டாள்.

ஃபூக்சோய் மட்டும் நிம்மதியாகக் கையைத் துடைத்துக்கொண்டார். "ஆச்சு. இப்ப உள்ள போய் உண்மையைச் சொல்லலாம். அவங்க பொய்னு நினைச்சுக்குவாங்க."

படிக்கட்டின் ஓரத்தில் கண்ணாடி போட்ட ஒருவர் அன்னாசி பன்னைக் கடித்தபடி, பால் டீக் கோப்பையோடு நின்றுகொண்டிருந்தார். பன் வாயிலேயே நின்றுவிட்டது. அவர் உள்ளே போனார். எங்கள் எண் வந்து நாங்கள் உள்ளே போனால், மேசைக்குப் பின்னால் சட்டையிலிருந்து பன் தூளைத் தட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது அவர்தான். யிப் சார் என்று பெயர்ப்பலகை சொன்னது.

"பெரியவரே" என்றார் யிப் சார், மெதுவாக. "உட்காருங்க. உங்க பிரமாணத்தை நான் வாங்க முடியாது."

"ஏன்?"

"பொய் சொல்லப்போறேன்னு என் காதால கேட்டேனே."

"அது உங்களுக்குச் சொல்லலையே."

"கேட்டுட்டேன். கேட்டபிறகு முத்திரை குத்தினா என் வேலை போயிடும். இன்னும் ரெண்டு வருஷத்துல யார்கிட்ட வேலை பாக்கப்போறேன்னே தெரியல. புது எஜமான் வரதுக்கு முன்னாடி பழைய எஜமான்கிட்ட கெட்ட பேர் எடுக்கச் சொல்றீங்களா?"

நான் ஜாதகம், கடல் பேய்கள், நாலாஞ் சித்தப்பா எல்லாவற்றையும் விளக்கினேன். யிப் சார் தலையைச் சொறிந்துகொண்டார். கெட்ட மனுஷர் இல்லை, பயந்த மனுஷர்.

"ஒண்ணு செய்யலாம்" என்றார். "எங்க நின்னு பொய்னு சொன்னாரோ அங்கயே நின்னு, எனக்குக் கேக்கற மாதிரி, உண்மையைச் சொல்லட்டும். உள்ள வந்து எழுதி முத்திரை குத்திடறேன்."

"இங்கயே சொல்றேனே" என்றார் ஃபூக்சோய். "ஜன்னலை மூடிட்டு."

"இல்ல. வெளியில."

"காதுல சொல்றேன்."

"பெரியவரே, அந்தப் பொய் ஆப்லெய்சாவ் வரைக்கும் போயிருக்கு. உண்மை என் காதோட நிக்கலாமா?"

"ஒரு விரலை ஆட்டறேன். ஆமான்னு அர்த்தம்."

"வாயால."

வெளியே வந்தோம். யிப் சாரும் டீக் கோப்பையை எடுத்துக்கொண்டு பின்னால் வந்து கதவோரம் நின்றார். ஊதுபத்தி இன்னும் புகைந்துகொண்டிருந்தது. ஃபூக்சோய் படியில் நின்று கடலைப் பார்த்தார். வாயைத் திறந்தார். மூடினார். வரிசையில் காய்கறிப் பையோடு நின்ற ஒரு அம்மா, "சீக்கிரம் சொல்லுங்க தாத்தா, பன்னெண்டு மணிக்கு ஜன்னலை மூடிடுவாங்க" என்றாள்.

ஃபூக்சோய் கோட்டின் பொத்தானைப் போட்டார், கழற்றினார். ஐம்பத்திரண்டு வருஷமாக ஒரே ஒரு பயத்தை விரல் படாமல் பொத்தி வைத்திருந்த மனுஷர். லாய்ஹோ தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக் கயிற்றைக் கட்டினாள்.

"போதும் சித்தப்பா. வீட்டுக்குப் போலாம். விங்யீ தன்னைத் தானே பாத்துக்குவா."

"கொஞ்சம் இரு. தொண்டையைச் சரி பண்ணிக்கறேன்."

"வேணாம். நான் போகல." அவள் இரண்டு படி இறங்கிவிட்டாள். "நான் ஒரு தடவை வாய் தவறிக் கூப்பிட்டதுக்கு ஒருத்தியைக் குடுத்தாச்சு. ஒரு பாஸ்போர்ட்டுக்காக இன்னொருத்தரைக் குடுக்க மாட்டேன்."

ஃபூக்சோய் திரும்பினார்.

"என்ன சொன்ன?"

"ஒண்ணுமில்ல. வாங்க."

"யாருடி சொன்னா உனக்கு, நீ கூப்பிட்டதாலதான் அவ போனான்னு?"

"யாரும் சொல்லல. எனக்குத் தெரியாதா?"

"என்ன தெரியும் உனக்கு? உங்கம்மா செத்தது விஷக்காய்ச்சல்ல! அந்த வருஷம் இந்தத் துறையில முப்பது படகுல சாவு! முப்பது படகுலயும் நீயா போய் அம்மான்னு கத்தின?" அவர் குரல் ஏறிக்கொண்டே போயிற்று. "நாற்பத்தஞ்சு வருஷமா இதையாடி வயித்துல வச்சுக்கிட்டு படகு ஓட்டின? முட்டாள்! என் மகளுக்கு இவ்வளவு கூடவா மூளை இல்ல?"

யிப் சார் டீயைக் குடிக்க மறந்து நின்றார். தான் சொன்னது ஃபூக்சோய்க்கே அப்போதுதான் உறைத்தது. ஒரு கணம் வானத்தைப் பார்த்தார். வானம் சும்மா இருந்தது. சொன்னதைத் திருப்பி எடுக்க முடியாது என்று தெரிந்ததும், மனுஷருக்கு வெறி வந்துவிட்டது. கடலைப் பார்த்துத் திரும்பினார்.

"ஆமாய்யா! என் மகள்தான்! கேட்டுக்கங்க! முன்னாடி சொன்னது பொய்! மருத்துவச்சி வர முடியல, நான்தான் பிடிச்சேன், இந்த ரெண்டு கையால! இறால் வலை அறுக்கிற கத்தியைக் கொதிக்கிற தண்ணில போட்டுத் தொப்புள்கொடியை அறுத்தேன்! எதிர்த் தீவு ஹூங்ஷிங் கோயிலோட ரெண்டு கம்பமும் எனக்கு நேர் எதிரே நின்னுச்சு! நங்கூரம் போட்டு ஒன்பது நாள்! ஒரு முழம் நகரல! துறை வாயில ஜப்பான்காரன் பீரங்கிப் படகு நின்னுச்சு. இவ பொறந்ததும் அழுத அழுகையில, சைரன்னு நெனச்சு விளக்கெல்லாம் அணைச்சான்! இவளையா கொண்டுபோவீங்க? ஐம்பத்திரண்டு வயசு, ரெண்டு முழங்காலும் போச்சு, வாய் மட்டும் நல்லா வேலை செய்யுது. கொண்டுபோனா ஒரு வாரத்துல நீங்களே திருப்பி விட்டுடுவீங்க! யாராவது வேணும்னா என்னை எடுத்துக்கங்க, நான் எழுபத்தாறு! ஆனா இவ சிட்னி போய்ட்டு வந்த பிறகு!"

"துறைக்குள்ளதானே படகு?" என்றார் யிப் சார். "ஹாங்காங் எல்லைக்கு வெளியில இல்லையே?"

"கோயில் எதிரன்னு சொல்றேன், எல்லைன்னு கேக்கறீங்களே! கோயிலை யாராவது எல்லைக்கு வெளியில கட்டுவாங்களா?"

"அப்ப முன்னாடி சொன்னது?"

"அது பேய்ங்ககிட்ட சொன்ன பொய். அரசாங்கத்துக்கிட்ட இல்ல."

யிப் சார் யோசித்தார். "பேய்களுக்குப் பொய் சொல்றது என் அதிகாரத்துக்குள்ள வராது" என்றார். காய்கறிப் பை அம்மா, "அப்ப முத்திரையைக் குத்துங்க சார், எங்களுக்கும் கெடு இருக்கு" என்றாள். உள்ளே போய், நான் எழுதியதை யிப் சார் ஒருமுறை வாசிக்க, ஃபூக்சோய் "ஆமா, ஆமா, அதான் வெளியில சொன்னேனே" என்று கைநாட்டு வைத்தார். கெடுவுக்கு இரண்டு நாள் முன்னால் விண்ணப்பம் போய்ச் சேர்ந்தது.

அதற்குப் பிறகு நாலு நாள் ஃபூக்சோய் படகின் நடுவில், விளிம்பிலிருந்து சம தூரத்தில் உட்கார்ந்திருந்தார். முள் உள்ள மீன் தொடவில்லை. லாய்ஹோவைத் தெருவின் உட்பக்கமாகவே நடக்கச் சொன்னார். அவள் தும்மினால் டாக்டரிடம் அனுப்பினார். ஐந்தாம் நாள் காலையில் எழுந்து உட்கார்ந்து, இரண்டு பேரும் உயிரோடு இருப்பதைச் சரிபார்த்துவிட்டு, மூங்கில் குழாயை எடுத்தார்.

"டீச்சர், எனக்குப் புரிஞ்சு போச்சு."

"என்ன?"

"தொண்ணூத்தேழுக்குப் பயந்து எல்லாரும் கனடா போறாங்கல்ல? பேய்ங்களும் போயிடுச்சு."

செப்டம்பர் நடுவில் பாஸ்போர்ட் வந்தது. ஃபூக்சோய் அதைச் சாம்பானில் வைத்து, கையைச் சட்டையில் துடைத்துவிட்டுத் தொட்டுப் பார்த்தார். அட்டையில் பொன் எழுத்து. உள்ளே படத்தில் லாய்ஹோ, மீன் விலை கேட்டவள் மாதிரி முறைத்துக்கொண்டிருந்தாள்.

"டீச்சர், இது ராணியம்மா குடுத்ததுதானே?"

"ஆமா."

"இதை வச்சு இவ இங்கிலாந்துல போய்க் குடியிருக்கலாமா?"

"முடியாது."

"பேர்ல பிரிட்டன்னு போட்டிருக்குன்னியே?"

"பேர்ல இருக்கு. வீட்டுக்குள்ள விடமாட்டாங்க."

ஃபூக்சோய் நெடுநேரம் புகை இழுத்தார். "பாவம்" என்றார் கடைசியில். "அவங்களுக்கும் யாரோ ஜாதகம் பார்த்துச் சொல்லியிருக்கான்."

விசா வர இரண்டு வாரம் ஆனது. அக்டோபர் ஐந்தாம் தேதி கைதக் விமான நிலையத்துக்கு மூன்று பேரும் போனோம். லாய்ஹோ இனிப்புக் காடி ஆறு பாட்டில் கட்டியிருந்தாள். எடை பார்த்த பெண் நாலு பாட்டிலை எடுத்து வைக்கச் சொன்னாள். லாய்ஹோ அவளுக்குப் பிரசவத்துக்குப் பிறகு வரும் முழங்கால் வலியைப் பற்றி விளக்க ஆரம்பித்தாள். பின்னால் நின்ற நாலு பெண்களும் சேர்ந்துகொண்டார்கள். ஆறு பாட்டிலும் போயின. ஃபூக்சோய் புதுச் செருப்பில் நின்றபடி, தரை ஆடாததால் தலை சுற்றுகிறது என்று ஒரு தூணைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"பாத்து இருங்க சித்தப்பா. கஞ்சிக்கு உப்பு கம்மியா போடச் சொல்லியிருக்கேன்."

"போடி. பிளேனுக்கு நேரமாச்சு. ஜன்னல் பக்கம் எட்டிப் பாக்காத, காத்து அடிக்கும்."

அவள் போனாள். பாஸ்போர்ட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, கண்ணாடித் தடுப்பைத் தாண்டி, அலுவலரிடம் காட்டி, முத்திரை வாங்கினாள். ஃபூக்சோயும் திரும்பி வாசலைப் பார்த்து நடக்கத் தொடங்கியிருந்தார். அந்த நேரத்தில் தடுப்புக்கு அந்தப் பக்கத்திலிருந்து, துறையில் படகுக்குப் படகு கேட்கும் அந்தக் குரல் வந்தது.

"அப்பா!"

கூடத்தில் இருந்த ஆண்களில் நாற்பது பேராவது திரும்பிப் பார்த்தார்கள். ஃபூக்சோய் மட்டும் திரும்பவில்லை. எனக்கு மனசு கேட்கவில்லை. பாவம், அந்தப் பெயரில் யாரும் கூப்பிட்டதே இல்லையே, தெரியவில்லை என்று நினைத்து அவர் கையை இடித்தேன்.

"உங்களைத்தான் கூப்பிடறா."

"தெரியும், தெரியும். சும்மா வா டீச்சர்" என்றார் பல்லைக் கடித்துக்கொண்டு. "நாற்பது பேர் திரும்பியிருக்காங்க. எவன்னு தெரியாம முழிக்கட்டும் மிச்சம் இருக்கிற பேய்ங்க. நான் வேற திரும்பிக் காட்டிக் குடுக்கணுமா?"

ஆனால் அவர் வலது கை முதுகுக்குப் பின்னால் போயிற்று. அதே கல்யாணக் கோட்டின் நீளக் கைக்குள்ளிருந்து விரல்கள் வெளியே வந்து, வாசல் போய்ச் சேரும்வரை, அவளுக்கு மட்டும் தெரிகிற மாதிரி ஆடிக்கொண்டே இருந்தன.